படம் வருது, பகிடி வரேல்லை

“செய்தி காணும், போதும் தம்பி. டிஷ்ஷை லண்டன் பக்கம் திருப்பிவிடு.”

இப்படிக் கேட்ட வாடிக்கையாளர் என் தொழிலில் ஒரே ஒருவர்தான். இப்போது லா சப்பலில், பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவில், ஃபைபர் லைன் இழுக்கிற பிள்ளைகள் கோப்பிக் கடையில் என்னைப் பிடித்துவைத்து, “அண்ணை, டிஷ் காலத்துக் கதை ஒண்டு சொல்லுங்கோ” என்பார்கள். கூரையில் வழுக்கிய கதையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். வழுக்கியும் இருக்கிறேன், பாரிஸ் வீடுகளின் துத்தநாகக் கூரை மழை பெய்தால் எண்ணெய் பூசியதுபோல் இருக்கும். ஆனால் சொல்ல வேண்டிய கதை அதுவல்ல.

லண்டன் பக்கம்

ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு தமிழரின் கடையில் வேலை செய்தேன். போன் கார்ட் விற்போம், ரிசீவர் விற்போம், டிஷ் பூட்டுவோம். 2009 தொடக்கத்தில் எனக்குச் சாப்பிடவும் நேரம் கிடைக்கவில்லை. ஊரில் சண்டை உச்சத்தில் நின்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழ்ச் செய்தி வேண்டும், அதற்கு டிஷ் வேண்டும். வைகாசியில் எல்லாம் முடிந்தது. கடைப் போனும் அடிக்காமல் நின்றது. சனம் டிவியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம்தான் ரூ காய் என்ற தெருவிலிருந்து சாந்தி அக்கா போன் எடுத்தார். சில மாதம் முன்பு அவர் வீட்டு யன்னலுக்கு வெளியே, முற்றத்துப் பக்கச் சுவரில் டிஷ் பூட்டியது நான்தான். ஆறாம் மாடி, லிஃப்ட் கிடையாது. போன் வந்த அன்று கருவிப் பெட்டியோடு ஏறி மூச்சு வாங்கி நின்றபோது சோபாவில் இருந்தபடி அவருடைய கணவர் குணம் அண்ணை சொன்னதுதான் முதல் வரியில் எழுதிய வசனம்.

குணம் அண்ணை ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். கலியாணம் கட்டிப் பாரிஸுக்கு வருமுன் சில வருடம் லண்டனில் இருந்தவர். அவருடைய தம்பி வன்னியில் இருந்தார். வைகாசிக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

“அண்ணை, இன்னொரு எல்.என்.பி. போட்டால் ரெண்டு பக்கமும் எடுக்கலாம். தமிழ்ச் சானலும் வரும், லண்டனும் வரும்” என்றேன். எல்.என்.பி. என்பது டிஷ்ஷின் கையில் இருக்கும் கண் போன்ற சாமான்.

“ஒரு பக்கம் காணும்.”

நான் யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு, டிஷ்ஷை, லண்டன் சானல்களின் சாட்டிலைட் நிற்கிற கிழக்குப் பக்கமாய்த் தள்ளி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து இறுக்கினேன். பிரித்தானியச் சானல்கள் வரிசையாய் வந்து விழுந்தன. குணம் அண்ணை ரிமோட்டை வாங்கி ஒரு சானலில் நிறுத்தினார். நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

சாந்தி அக்கா படிக்கட்டுவரை பின்னால் வந்தார். “தம்பி, சண்டை முடிஞ்ச சேதி கேட்ட நாளிலையிருந்து இவர் வாய் திறந்தது இண்டைக்குத்தான். சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. ஒருக்கா அழுதாலும் எனக்கு நிம்மதியாயிருக்கும்.”

அப்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. விக்கல்போல் மூன்று தரம், பிறகு ஒரு நீண்ட இழுவை. எனக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. அக்காவுக்குப் பிடிபட்டது. படிக்கட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“சிரிக்கிறார்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இது நிண்டுபோகாமல் பாத்துக்கொள்ளுங்கோ தம்பி” என்றார்.

நான் டிஷ்காரன். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

கதவைத் தட்டுகிறவன்

அவர் பார்த்தது என்ன என்று எனக்குச் சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது. காற்றில் டிஷ் அசைந்துவிட்டது, சரிசெய்யப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் அக்கா தேத்தண்ணி தந்தார். குணம் அண்ணை சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

திரையில் ஒருவன் ஒரு கதவைத் தட்டினான். உள்ளேயிருந்து யாரென்று கேட்டார்கள். அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே நின்றான். என் தேத்தண்ணி ஆறிவிட்டது. கடைசியில் “பிறகு வாறன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான். அடுத்ததில் அரசாங்க அதிகாரிபோல் கோட்டுப் போட்ட ஒருவன் கடற்கரையில் முழங்கால் போட்டுக் கடலை அடிமட்டத்தால் அளந்தான். அலை வந்து போனது. அவன் பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து அளந்தான்.

குணம் அண்ணை விக்கல் விக்கலாகச் சிரித்தார். நான் மரியாதைக்குப் பல்லைக் காட்டினேன்.

“விளங்கேல்லையோ?” என்று கேட்டார்.

“ஆங்கிலம் கொஞ்சம் கஷ்டம் அண்ணை.”

“கடலை அளக்கிறவன் இன்னும் ஒண்டுமே கதைக்கேல்லையே தம்பி!”

எங்கள் ஆட்களின் நகைச்சுவை எனக்குத் தெரியும். குடித்துவிட்டு வரும் புருசன், அகப்பையோடு நிற்கும் மனுசி, சேலை கட்டிய ஆம்பிளை. எங்கே சிரிக்க வேண்டும் என்று மேளம் அடித்துச் சொல்லிவிடுவார்கள். இதில் மேளமும் இல்லை, பின்னால் சிரிக்கிற கூட்டமும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்று பொபினிக்குப் போகிற ஐந்தாம் லைன் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது, அந்தக் கதவுக்காரன் ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று யோசித்தேன். நள்ளிரவில் கதவு தட்டினால் “ஆர்?” என்று கேட்கப் பயந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இங்கே தட்டினவனே பயந்துபோய் நிற்கிறான்! பெட்டி நிறைந்த சனத்துக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த பிரெஞ்சு மனுசி தன் பையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ரூ காய்ப் பக்கம் வேலை வந்தால் கடைசி வேலையாக அவர்கள் வீட்டை வைத்துக்கொள்வேன். சிக்னல் பார்க்க வந்தேன் என்பேன். சிக்னலுக்கு ஒன்றும் இருக்காது.

சிக்னல் போட்டுது

நாலைந்து வருடம் அப்படிப் போனது. பிறகு சாந்தி அக்கா கடைக்குப் போன் எடுக்கத் தொடங்கினார். “தம்பி, சிக்னல் போட்டுது, ஒண்டும் வரேல்லை. இவர் சும்மா இருக்கிறார்.”

போய் மீட்டர் வைத்தேன். சிக்னல் திறம், ஒரு குறையும் இல்லை. கேபிள் முனையைக் கழற்றிப் புதிதாய்ப் போட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் போன். கேபிளையே மாற்றினேன். மறுபடியும் போன். கடை முதலாளி என்னை ஏசினார். “என்னடா ரவி, ஒரு வீட்டையே சுத்திக்கொண்டிருக்கிறாய்? எல்.என்.பி-யை மாத்தி விட்டிட்டு வா. அதுக்கு ஏன் இந்த யோசனை?”

எல்.என்.பி-யையும் மாற்றினேன். படம் கண்ணாடிபோல் இருந்தது. அக்கா குசினி வாசலில் நின்று, “இப்பவும் வரேல்லை” என்றார்.

“அக்கா, வந்து பாருங்கோ. படம் எவ்வளவு வடிவாய் வருது!”

“படம் வருது தம்பி. பகிடி வரேல்லை.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். குணம் அண்ணை சோபாவில் நகர்ந்து இடம் விட்டார். இருந்தேன். இருந்து, அவர் பார்ப்பதையே பார்த்தேன்.

கேக் சுடுகிற போட்டி. மாற்றினார். வீடு வாங்குகிறவர்கள். மாற்றினார். நீள மேசையில் ஆறேழு பேர் இருந்து ஒருவரையொருவர் நக்கலடித்தார்கள், ஒவ்வொரு வசனத்துக்கும் கூட்டம் சிரித்தது. மாற்றினார். பழைய நிகழ்ச்சி ஒன்று, அதை அவர் லண்டனிலேயே பார்த்துவிட்டாராம். கதவைத் தட்டுகிறவனைக் காணவில்லை. அந்த மாதிரிப் பகிடிகள் வந்த சானல்களில் ஒன்றை அலைவரிசையிலிருந்தே எடுத்து இண்டர்நெட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது.

“என்ன அண்ணை, இவங்களும் சிரிக்கத்தானே வைக்கிறாங்கள்?” என்றேன்.

“இவங்கள் தாங்களே சிரிச்சு முடிச்சிடுறாங்கள். எனக்கு ஒரு வேலையும் மிச்சம் இல்லை.”

இதை நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு உண்மை உண்டு. டிவியில் கொஞ்ச நேரம் சத்தம் நின்றால் வீட்டுக்காரர் டிஷ்காரனுக்குப் போன் எடுப்பார். மௌனம் என்றால் பழுது என்றுதான் சனம் நினைக்கும். டிவி நடத்துகிறவனுக்கும் அதே பயம் இருக்கும்தானே? யோசித்துக்கொண்டு நிற்கிற ஒருவனைக் காட்டினால் பார்க்கிறவன் சானலை மாற்றிவிடுவான். மேசையைச் சுற்றி ஆறு பேரை இருத்தினால் ஒருவன் மூச்சு வாங்கும்போது மற்றவன் கதைப்பான். கணக்குச் சரி. ஆனால் அந்தக் கணக்கில் குணம் அண்ணை இல்லை.

வெளியே வந்தபோது சாந்தி அக்கா படிக்கட்டில் நின்றார். “அக்கா, இது டிஷ்ஷாலை திருத்தேலாத பழுது” என்றேன்.

“அப்ப ஆர் திருத்துறது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட நல்லாயிருந்திருக்கும். அவர் உண்மையிலேயே பதில் எதிர்பார்த்துக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. ரூ காயில் மரக்கறி வாங்கும்போது கண்டால், “அண்ணை எப்பிடி?” என்பேன். “இருக்கிறார்” என்பார்.

கறுப்புக் கார்

டிஷ் வேலை படுத்துவிட்டது. எல்லா வீட்டுக்கும் இண்டர்நெட் பெட்டி வந்தது. முதலாளி மண்டபங்களுக்கு ஸ்பீக்கரும் லைட்டும் வாடகைக்கு விடத் தொடங்கினார், நான் சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் போய் இருந்தேன். அப்படியிருக்க முதலாளியின் மகளுக்கே கலியாணம் வந்தது. மாப்பிள்ளை லண்டன். சம்பந்தி வீட்டார் இரண்டு பஸ்ஸிலும் காரிலுமாய் வந்து இறங்கினார்கள். முதலாளி காலையிலிருந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். “ரவி, லண்டன்காரர் முன்னாலை மானம் போகக் கூடாது. மைக் கூவக் கூடாது. விளங்கிச்சோ?”

குணம் அண்ணையும் சாந்தி அக்காவும் வந்திருந்தார்கள். அக்கா பந்திப் பக்கம் உதவப் போய்விட்டார். அண்ணை கூட்டத்தைக் கண்டு ஒதுங்கி, மண்டப மூலையில் என் மிக்சருக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். எனக்குப் பழைய சோபா நினைவு வந்தது. நானும் கொஞ்சம் நகர்ந்து இருந்தேன்.

எங்கள் மண்டபங்களில் கார் நம்பர் வாசிக்காமல் எந்த விழாவும் நடந்ததில்லை. தாலி ஏறுவதற்கு இடையிலும் ஒரு கார் யாரையாவது மறித்துக்கொண்டு நிற்கும். அன்றும் கார் நம்பர் எழுதிய காகிதத் துண்டு வந்தது. அறிவிப்பாளர் சாப்பிடப் போய்விட்டார். என்னால் மிக்சரை விட்டு எழும்ப முடியாது, பெண்ணுக்கு ஆரத்தி எடுக்கிற பாட்டு அடுத்ததாய்ப் போட வேண்டும். துண்டையும் கம்பியில்லா மைக்கையும் அண்ணையின் கையில் வைத்தேன். “ஒருக்கா இதை வாசிச்சு விடுங்கோ அண்ணை.”

அவர் எழும்பினார். “லண்டன் நம்பர் போட்ட கறுப்புக் கார் பின்வாசலை மறிச்சு நிக்குது. தயவுசெய்து எடுக்கவும்.”

ஒருவர் கார்த் திறப்போடு ஓடினார். அண்ணை மைக்கைத் தரவில்லை. அப்படியே நின்றார். யோசித்தார். மைக் பட்டரி செத்துவிட்டதோ என்று நான் மீட்டரைப் பார்த்தேன், இல்லை, உயிரோடுதான் இருந்தது.

“கறுப்புக் காருக்குப் பக்கத்திலை ஒரு சிவப்புக் கார் நிக்குது” என்றார். “அது ஆரையும் மறிக்கேல்லை. அப்பிடியே நிக்கட்டும். நன்றி.”

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மூன்றாம் வரிசையில் ஒரு மனிதர் பதறி எழும்பி வெளியே ஓடினார். எங்கள் சனத்துக்கு மைக்கில் காரைச் சொன்னால் எடுக்கத்தான் தெரியும். அண்ணை அவர் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தார்.

“சிவப்புக் காரை எடுத்தவர் திருப்பிக் கொண்டுவந்து விடவும். அந்த இடம் இப்ப வெறிச்செண்டு கிடக்கு.”

இளம் பிள்ளைகள் இருந்த பக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. கதவைத் தட்டுகிறவன்! அதே முகம், அதே நிதானம். மேடையிலிருந்து முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

அண்ணை வெறும் உள்ளங்கையைத் துண்டுபோல் பிடித்துப் பார்த்தார். “ஒரு பச்சைக் கலர் சைக்கிள். பின்சில்லுக்குக் காத்து இல்லை. தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு இடப்பெயர்வுக்கை நாவற்குழிப் பாலத்தடியிலை விட்டிட்டு வந்தது. இன்னும் பாதையை மறிச்சுக்கொண்டு நிக்குதாம். உரியவர் உடனை வந்து எடுக்கவும்.”

மண்டபம் அடங்கிப்போனது. அந்த வருடம் யாழ்ப்பாணமே ஒரு பாலத்தால் நடந்து வெளியேறிய இரவு அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். முதலாளி கழுத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். மைக்கை வெட்டு என்று அர்த்தம். என் விரல் மைக் சத்தத்தைக் குறைக்கும் ஃபேடருக்குப் போய்விட்டது. சம்பளம் தருகிறவர், அவர் மகளின் கலியாணம். நான் என்ன செய்ய?

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். சாந்தி அக்கா. பந்திக்குப் பொரித்த ரோல்ஸ் தட்டத்தை எங்கே வைத்தாரோ தெரியாது, கையெல்லாம் எண்ணெய்.

“கையை எடுங்கோ தம்பி” என்றார். “அவர் கதைக்கட்டும்.”

எடுத்தேன்.

முன்வரிசையில் பட்டு வேட்டியோடு இருந்த லண்டன் சம்பந்தி மெதுவாக எழும்பினார். முதலாளியின் முகம் செத்துவிட்டது. சம்பந்தி கையை உயர்த்தி, “மன்னிக்கோணும், அது என்ரை சைக்கிள். இந்தா வாறன்” என்றார்.

“பொய்!” பின்னால் இன்னொருவர் எழும்பினார். “பச்சையெண்டால் அது என்ரை!”

“பெல் இருந்ததோ?” “கரியர் வளைஞ்சதோ?” அங்கொருவர் இங்கொருவராய் ஆம்பிளைகள் எழும்பினார்கள். எல்லாரும் அந்தப் பாலத்தடியில் ஒரு சைக்கிளை விட்டுவிட்டு வந்தவர்கள். குணம் அண்ணை முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. கையை உயர்த்தி அடக்கினார்.

“ஒராள் ஒராளாய் வாங்கோ. எல்லாரும் கார்த் கிறீஸைக் கையிலை வைச்சிருங்கோ.”

பிரான்சில் காருக்குத் தரும் பதிவுப் பத்திரம் அது. சைக்கிளுக்குக் கேட்டார்! மண்டபம் வெடித்தது. அந்த ஆரவாரத்துக்குள் மூத்த அம்மா ஒருவர் கதிரையில் இருந்தபடியே, “தம்பி, என்ரை கோழிக்கூட்டையும் அங்கைதான் வைச்சனான், அதையும் ஒருக்காப் பார்!” என்று கத்தினார்.

அதை அண்ணை எதிர்பார்க்கவில்லை. வாய் கோணியது. விக்கல்போல் மூன்று தரம், பிறகு அந்த நீண்ட இழுவை. மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆறாம் மாடிப் படிக்கட்டில் கேட்ட சத்தம் நான்கு ஸ்பீக்கராலும் வந்தது. அக்கா அழுதுகொண்டிருந்தார்.

“அது இவரின்ரை தம்பியின்ரை சைக்கிள்” என்று என் காதுக்குள் சொன்னார். “ரெண்டு பேரும் பாலத்தடிவரை அதிலைதான் வந்தவை.”

நானும் அழுதேன். மிக்சருக்குப் பின்னால் இருக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

பந்தியில் சம்பந்தி அண்ணையைத் தேடிப் பிடித்தார். “லண்டன் ரீவியிலை இந்த மாதிரி ஒண்டு பாத்துக் கனகாலம் அண்ணை. நீங்கள் எங்கை பழகினது?” என்றார். அண்ணை என்னைக் காட்டி, “இவர் பூட்டின டிஷ்ஷிலை” என்றார். முதலாளி பக்கத்தில் நின்று, இது எல்லாம் தன் ஏற்பாடு என்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மோர்மிளகாய்

பிறகு ஏதோ ஒரு வருடம் குணம் அண்ணையின் கட்டடத்துக்குச் சுவர் பூச வந்தார்கள். டிஷ் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். பூட்டிய நானே போய்க் கழற்றினேன். குப்பைக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது அக்கா விடவில்லை. இப்போது அது யன்னலுக்கு வெளியே துத்தநாகத் தகட்டின்மேல் மல்லாந்து கிடக்கிறது, வெயில் நாட்களில் அதில் மோர்மிளகாய் காய்கிறது. புறாக்கள் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

கழற்றிய அன்று கேட்டேன். “அண்ணை, அந்த லண்டன் பகிடி அப்ப முடிஞ்சுதோ?”

“பகிடி எப்பிடித் தம்பி முடியும்? ரீவிக்குத்தான் பொறுமை முடிஞ்சுது.”

அது முழுக்கச் சரியா என்று எனக்குத் தெரியாது. லண்டனில் இருக்கும் என் மருமகன், அதெல்லாம் போனிலும் சின்ன மண்டபங்களிலும் நடக்கிறது, டிவியிலும் எங்காவது ஒரு மூலையில் வருகிறது, உங்களுக்குத்தான் தேடத் தெரியவில்லை என்கிறான். இருக்கலாம். ஆனால் தேடாமலே ஒரு சோபாவில் இருந்த மனிதருக்கு, ஒரு கெட்ட வருடத்தில், யாரோ தெரியாத வெள்ளைக்காரன் கதவைத் தட்டிவிட்டு யோசித்துக்கொண்டு நின்றான். அப்படி நிற்க அவனுக்கு இடம் கொடுத்த அந்தக் காலத்து டிவிக்காரரை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

ஃபைபர் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வீட்டுக்காரர் “வரேல்லை” என்று சொன்னால், மீட்டர் பச்சை காட்டினாலும், பெட்டியைப் பூட்டாதீர்கள். அவர் பக்கத்தில் கொஞ்சம் இருங்கள். அவர் பார்ப்பதைப் பாருங்கள். நான் மூன்று சாமான் மாற்றிய பிறகுதான் இருந்தேன், நீங்கள் முதலிலேயே இருக்கலாம்.

இப்போதும் நான் மிக்சரில் இருக்கிற விழாக்களில் கார் நம்பர் வந்தால் துண்டு குணம் அண்ணையிடம்தான் போகும். போன மாதமும் வாசித்தார். வாசித்துவிட்டு நின்றார், யோசித்தார். மண்டபம் முழுவதும் பொறுத்திருந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூட அசையவில்லை. அந்த மௌனத்துக்குள் எனக்குப் பின்னால் சாந்தி அக்கா கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மோர்மிளகாய்ப் பொட்டலம் ஒன்றை மிக்சரின் மேல் வைத்தார்.

“சத்தம் காணுமோ அக்கா?” என்று கேட்டேன்.

“பொறுங்கோ தம்பி,” என்றார், “இப்ப வரும்.”